வெள்ளிக்காசு கழுவ வன்னிக் கடைகளில் கிடைப்பவை: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

நகைக்கடைக் கண்ணாடி அலுமாரியில், மோதிரப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு சின்னப் போத்தல் நிற்கும். ‘சில்வர் டிப்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். கறுத்த கொலுசை அதற்குள் விட்டு எடுத்தால் பத்து விநாடியில் வெள்ளை. கொலுசுக்கு அது போதும். மண்ணுக்குள் நூறு வருடம் கிடந்த ரூபாக்காசை அதே போத்தலுக்குள் விடுவதென்றால், விடுவதற்கு முதல் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

இங்கே எடைபோடப்படுபவை எல்லாம் வவுனியா பசார் வீதியிலிருந்து புதுக்குடியிருப்புச் சந்தி வரை ஏதோ ஒரு கடையில் கைக்கெட்டும் சாமான்கள்தான்: பற்றறித் தண்ணீர், அசிற்றோன், அப்பச்சோடாவும் அலுமினியத் தாளும், தேசிக்காய், சில்வர் டிப், உலோகப் பொலிஷ். இவற்றோடு பத்தரின் பட்டறைக் கழுவலும், பெரிய நகைக்கடைகளில் நகையை மீயொலியால் அதிரவைத்துக் கழுவும் அதிர்வுத் தொட்டியும். முடிவை முதலே சொல்லிவிடலாம். விலை குறைந்த சாமானான பற்றறித் தண்ணீருக்குத்தான் முதலிடம். சோடாவும் அலுமினியத் தாளும் சில காசுக்கு நல்லது, சில காசுக்கு நஞ்சு. டிப் போத்தல் அவசரக்காரருக்கு. பொலிஷ் வெண்கல விளக்குக்கு.

கழுவும் கதைக்கு முன் இன்னொன்று. உலோகம் காட்டும் டிடெக்டர் பிடித்துக்கொண்டு காணி காணியாகக் காசு தேடும் பொழுதுபோக்கு வெளிநாட்டு வீடியோக்களில் பார்க்க வடிவாக இருக்கும். வன்னியில் அதைச் செய்யக்கூடாது. கண்ணிவெடி அகற்றல் இன்னும் முடியாத மாவட்டங்கள் இவை. டிடெக்டர் சத்தம் போட்டால், கீழே இருப்பது ரூபாவா, மிதிவெடியின் குத்தூசியா என்று அது சொல்லாது. சிவப்புப் பலகை இல்லாத இடமெல்லாம் பாதுகாப்பான இடம் என்றும் இல்லை. சட்டமும் இருக்கிறது: அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி குற்றம். 1815 மார்ச் 2 க்கு முற்பட்டது எதுவும் அந்தச் சட்டத்தின் கண்ணில் தொல்பொருள். புதிதாகக் கண்டெடுக்கப்பட்டால் அது அரசுக்குரியது. ஒல்லாந்தர் காசு, யாழ்ப்பாண அரசின் சேதுக் காசு, சதுரமாய் வெட்டி அச்சுக் குத்திய மூன்றேகால் கிராம் வெள்ளித் துண்டு எல்லாம் இதற்குள் வரும். மாந்தை, பூநகரிப் பக்கம் கிணறு வெட்டும்போது அப்படி ஒன்று கண்டால் ஒட்டியிருக்கும் மண்ணோடு கடதாசியில் மடித்து வைத்து, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அதற்கு ஒரு துளி தண்ணீர்கூட விடவேண்டாம். ஒட்டிய மண்ணும் ஆய்வாளருக்கு ஒரு தடயம்.

ஆக, இங்கே பேச்சு 1815 க்குப் பிந்திய காசுகளைப் பற்றியது. உழும்போது கலப்பையில் மாட்டியது, வீட்டு அத்திவாரம் வெட்டும்போது வந்தது, அம்மம்மாவின் தகரப் பெட்டியில் இருந்தது, காசுமாலையிலிருந்து கழன்றது, வெளிநாட்டில் இருக்கும் உறவினர் அங்கத்தைய அனுமதியோடு டிடெக்டரில் எடுத்துக் கொண்டுவந்தது. கைக்கு எப்படி வந்தது என்பதால் கழுவும் முறை மாறாது; எத்தனை வீதம் வெள்ளி, எந்த மண்ணில் கிடந்தது என்பதால்தான் மாறும்.

முதலில் நிறுத்துப் பாருங்கள்

சமையலறைத் தராசு உதவாது. 0.01 கிராம் காட்டும் சின்ன நகைத்தராசு வேண்டும். காசு வெள்ளியா என்பதைவிட எத்தனை வீதம் வெள்ளி என்பதுதான் எதால் கழுவுவது என்பதைத் தீர்மானிக்கும்.

இலங்கையில் 1872 இல் ரூபாவைச் சதமாகப் பிரித்தபோதும் பெரிய வெள்ளிக்காசாகக் கைமாறியது இந்திய ரூபாதான். விக்ரோறியா தலை ரூபா இங்கே மண்ணில் வருவது அதனால். அதன் நிறை 11.66 கிராம், வெள்ளி 91.7 வீதம். 1940 இலிருந்து அதே நிறையில் வெள்ளியைப் பாதியாக்கி, செம்பு, நிக்கல், நாகம் கலந்தார்கள். 1947 ஆம் ஆண்டு ரூபாவில் வெள்ளியே இல்லை, முழு நிக்கல், காந்தத்தில் ஒட்டும். 1892 இலிருந்து அடித்த இலங்கை 50 சதம் 5.83 கிராம், 25 சதம் 2.92, 10 சதம் 1.17. இவற்றில் 1917 வரையானவை 80 வீத வெள்ளி, 1919 இலிருந்து வந்தவை 55 வீதம்தான். 1957 புத்த ஜயந்தி ஐந்து ரூபா 28 கிராமுக்குச் சற்று மேல், 92.5 வீதம்.

தேய்ந்த ரூபா 11.3 கிராம் காட்டினால் பிரச்சினை இல்லை. பொருக்குக் கட்டிய காசு கூடவும் காட்டும். கழுவு முன் ஒன்று, கழுவிக் காய்ந்த பிறகு ஒன்று என்று இரண்டு நிறையையும் குறித்து வையுங்கள். மண் போனால் குறைய வேண்டியதுதான். ஆனால் மண்ணே இல்லாமல் கறுப்பு மட்டும் இருந்த காசு கண்ணுக்குத் தெரிகிற அளவு நிறை இழந்திருந்தால், போனது வெள்ளி.

55 வீதக் காசுகளைத் தனியே ஒதுக்கி வைக்க வேண்டும். மீதி பெரும்பாலும் செம்பு என்பதால் அதில் பச்சை பூக்கும், அமிலத்தில் போட்டால் ரோசா நிறம் அடிக்கும். டிப்பில் விட்டால் மேற்பரப்புச் செம்பு கரைந்து, சுண்ணாம்பு பூசினதாய் ஒரு செத்த வெள்ளை வரும். 91.7 வீத ரூபாவுக்கு ஒத்துவந்த முறையை 1921 ஆம் ஆண்டு 50 சதத்துக்குக் காட்டினால் காசு கெட்டது.

மண் சொல்லும் கதை

காசு எங்கே கிடந்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வயலில், குளத்து வண்டலில் கிடந்த காசு தடித்த கறுப்பில் வரும். தண்ணீர் நின்ற சேற்றில் காற்று இல்லை. உக்கும் வைக்கோலிலிருந்தும் வேரிலிருந்தும் வரும் கந்தகம் வெள்ளியைப் பிடித்து வெள்ளிச் சல்பைட்டு ஆக்கும். அலுமாரிக்குள் கறுத்த காசிலும் இதே பொருள்தான். வித்தியாசம் தடிப்பில். அலுமாரிக் கறுப்பு மெல்லிய தோல். வயல் கறுப்பு காசின் உடம்பையே தின்று உள்ளே போயிருக்கும்.

முல்லைத்தீவு, மாத்தளன், நாச்சிக்குடா என்று கடலை அண்டிய மணலிலும் உவர் நிலத்திலும் உப்புத்தான் எதிரி. அங்கே வெள்ளி குளோரைட்டாக மாறும். சாம்பல், மண்ணிறம், சிலவேளை ஊதா கலந்த மந்தமான பொருக்கு. நகத்தால் அழுத்தினால் தடம் விழும். வெயிலில் வைத்தால் இன்னும் கறுக்கும். இது அலுமாரிக் கறுப்பைப்போல மேலே படிந்த அழுக்கு இல்லை. அரசியின் மூக்கும் முடியும் இப்போது இருப்பது அந்தப் பொருக்கிலேதான். அதைக் கரைத்தால் முகமும் போகும்.

செம்மண் காணியில் வந்தது பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். இரும்புச் சிவப்பு மேலே மட்டும் பிடித்திருக்கும், தண்ணீரிலேயே போய்விடும். முருங்கன் பக்கக் கறுத்தக் களி காய்ந்தால் கல்லு. ஊறவிடாமல் சுரண்டினால் காசு கீறுப்படும்.

பற்றறித் தண்ணீர்: முதலிடம்

எரிபொருள் நிரப்பு நிலையத்திலும் மோட்டார் உதிரிப்பாகக் கடையிலும் ஒரு லீற்றர் போத்தலில் வரும் வடித்த நீர். ஒரு எச்சரிக்கை: பக்கத்திலேயே பற்றறி அமிலமும் அதே மாதிரிப் போத்தலில் இருக்கும். லேபலைப் பார்த்து வாங்குங்கள். அது சல்பூரிக் அமிலம்.

கிணற்றுத் தண்ணீர் ஏன் கூடாது என்பதற்கு வீட்டுக் கேத்தலுக்குள் பாருங்கள். அடியில் வெள்ளைச் சுண்ணாம்பு படிந்திருந்தால் அதே தண்ணீர் காசிலும் அதே வெள்ளையை விட்டுப்போகும். கரையோரக் கிணறு என்றால் உப்பும் சேரும். குழாய்த் தண்ணீரில் குளோரின். வவுனியாப் பக்கம் ஆர்.ஓ. எனும் நீர் சுத்திகரிப்பு நிலையங்களில் விற்கும் குடிநீரை முதல் இரண்டு மூன்று ஊறலுக்குப் பாவிக்கலாம், கடைசிக் கழுவலுக்கு வடித்த நீர்தான். மாரி நடுவில் வெளியில் சட்டி வைத்துப் பிடித்த மழைத்தண்ணீரும் பரவாயில்லை. தகரக்கூரை வழிந்தது வேண்டாம்.

செய்முறையில் பொறுமை ஒன்றுதான் செலவு. ஜாம் போத்தல் ஒன்று, அடியில் மடித்த பருத்தித் துணி, ஒரு போத்தலில் ஒரு காசு, மேலே 200 மில்லிலீற்றர் தண்ணீர். முதல் வாரம் தினமும் மாற்றுங்கள். கலங்கல் நின்ற பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. கடலோரக் காசு என்றால் மாதக்கணக்கில் போகும், ஏனென்றால் உப்பு வெடிப்புகளுக்குள் இருந்து மெல்ல மெல்லத்தான் வெளியே வரும். களி இளகியதும் தென்னை ஈர்க்கு ஒன்றின் நுனியைக் கடித்துப் பிரஷ்போல விரித்து, தண்ணீருக்கு அடியிலேயே எழுத்துகளுக்கு இடையில் தள்ளிவிடலாம். தேய்க்கக்கூடாது. வெள்ளி மெதுவான உலோகம், மண்ணில் இருக்கும் மணல்துணிக்கை அதைவிட எத்தனையோ மடங்கு கடினம். கீறுவது ஈர்க்கு இல்லை, ஈர்க்குக்கும் காசுக்கும் இடையில் மாட்டிய மணல். அதனால்தான் விரலால் உரசுவதும் கூடாது. தள்ளு, அலசு, தண்ணீரை மாற்று.

பாதிக் காசுகளுக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. கறுப்பு மிச்சம் இருக்கும்தான். அது இருக்கட்டும். ஒரே சீரான கறுப்பு, எழுத்து தெளிவாகத் தெரிகிறது என்றால், காசு சேர்ப்பவர் கேட்பது அதைத்தான். கழுவி வெளுத்த காசுக்கு அவர் விலை குறைப்பார்.

அசிற்றோன்

எண்ணெய், பசை, நகப்பூச்சு, பழைய பிளாஸ்ரிக் உறையின் பிசுபிசுப்பு ஆகியவற்றுக்கு. வெள்ளியை எதுவும் செய்யாது. பெயின்ற் கடை, ஹாட்வெயார், சில பாமசி. சுத்தமானதாக வாங்க வேண்டும். நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் எண்ணெயும் வாசனையும் நிறமும் கலந்திருக்கும். கண்ணாடிப் பாத்திரம், திறந்த யன்னல், பக்கத்தில் அடுப்பு இல்லை. ஐந்து நிமிடம். வேலை செய்யும், வீண் வாக்குறுதி தராத சாமான்.

அப்பச்சோடாவும் அலுமினியத் தாளும்: காசைப் பார்த்து

வீடியோக்களில் ஆகப் பிரபலமான முறை. இரண்டும் பலசரக்குக் கடையில் வாங்கலாம். அலுமினியத் தாள் என்றால் சாப்பாடு சுற்றும் உண்மையான தாள். லஞ்ச் சீற் பொலித்தீன், அது உதவாது. பிஸ்கற் பைக்கற்றின் உட்பக்கம் மினுங்குவதும் பிளாஸ்ரிக்கில் படிந்த பெயரளவு உலோகம்தான். புரியாணி தரும் அலுமினியப் பெட்டியைக் கழுவிப் பாவிக்கலாம்.

அளவு: அரை லீற்றர் சுடுதண்ணீர், கொதித்து இறக்கி ஐந்து நிமிடம் விட்டது. ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா. உப்பும் ஒரு கரண்டி போடச் சொல்வார்கள், போடவேண்டாம். வெள்ளிக்கு எதிரியான குளோரைட்டைக் காசு கொடுத்து உள்ளே விடுவானேன்? சோடா மட்டுமே வேலையை முடிக்கும், அரை நிமிடம் கூட எடுக்கும், அவ்வளவுதான்.

கண்ணாடிக் கோப்பையின் அடியில் தாளை விரித்து, காசை அதன்மேல் தொடும்படி வையுங்கள். தொடாவிட்டால் ஒன்றும் நடக்காது. தண்ணீரை ஊற்றியதும் காசின் விளிம்பைச் சுற்றிச் சின்னக் குமிழ்கள் கிளம்பும், கூழ்முட்டை மணம் வரும். அது ஐதரசன் சல்பைட்டு. கந்தகத்தை வெள்ளி விடுகிறது, அலுமினியம் கரைந்து அதற்கு விலை கொடுக்கிறது. காசு கிடந்த இடத்தில் தாள் கறுத்து, சிலவேளை ஊசித்துளை விழுந்திருக்கும். ஒரு நிமிடத்தில் எடுங்கள். பருத்தித் துணியில் ஒற்றிப் பாருங்கள். போதாவிட்டால் தாளின் புது இடத்தில் இன்னொரு நிமிடம். மூன்று முறைக்கு மேல் போகவேண்டாம். பிறகு வடித்த நீரில் இரண்டு முறை அலசல்.

இதில் கரைந்து போவது அலுமினியம். சல்பைட்டுக்குள் இருந்த வெள்ளி திரும்பக் காசிலேயே படியும். டிப்பைவிட இது மேல் என்பது அதனால். ஆனால் அப்படிப் படியும் வெள்ளி பழையபடி இறுகிப் படிவதில்லை. அலுமாரிக் கறுப்பு மெல்லிசு என்பதால் வித்தியாசம் தெரியாது. வயல் கறுப்பில், மேல்தோல் முழுவதும் சல்பைட்டாகிப் போன காசில், இந்த முறை அந்தத் தோலைப் பிட்டுப்போல உதிரும் சாம்பல் வெள்ளியாக்கிவிடும். துணி பட்டதும் எழுத்து பொடியாய் வரும். அதன்பிறகு திருத்த வழியில்லை. அடையாளம் எளிது: காசின் கறுப்பு கண்ணாடிபோல் வழுவழுப்பாக, அடியில் வெள்ளை எட்டிப் பார்த்தால் சோடா பொருந்தும். கறுப்பு சொரசொரப்பாக, விளிம்பில் பொருக்காக எழும்பி இருந்தால் தண்ணீரோடு நிறுத்துங்கள். குளோரைட்டுப் பிடித்த கடலோரக் காசுக்கும் இதே தடை.

இன்னொரு குறை, எல்லா இடமும் ஒரே வேகத்தில் வெளுக்காது. தாளைத் தொட்ட பக்கம் முந்தும், மேற்பக்கம் பின்தங்கும். நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. 55 வீதக் காசில் திட்டுத் திட்டாக வரும், அந்த அழகுக்கு முந்திய கறுப்பே மேல்.

சில்வர் டிப்: விநாடி எண்ணத் தெரிந்தவருக்கு மட்டும்

இந்தவகைத் திரவங்களின் உள்ளடக்கம் பெரும்பாலும் ஒன்றுதான்: தயோயூரியாவும் ஓர் அமிலமும். கறுப்பை அது கரைக்கும். திரும்பப் படிய வைக்காது, கரைத்துக் கொண்டே போகும். கறுப்பு முடிந்ததும் நிற்கத் தெரியாது, வெள்ளியிலும் கைவைக்கும். புதிதாய் அடித்த காசில் ஒளி வட்டமாய்ச் சுழல்வது, அச்சு அழுத்தியபோது உலோகம் ஓடிய நுண்கோடுகளால். டிப் முதலில் தின்பது அந்தக் கோடுகளை. மிஞ்சுவது வெளிறிய, சப்பென்ற வெள்ளை. அனுபவமுள்ள வியாபாரி காசைச் சாய்த்துப் பார்த்ததும் கண்டுபிடிப்பது இந்த வெள்ளையைத்தான்.

மண் காசில் இன்னும் மோசம். வெடிப்புகளுக்குள் போன திரவம் அலசினாலும் முழுதாக வராது. அதற்குள் இருக்கும் கந்தகச் சேர்வை சில வாரத்தில் மஞ்சளாய், பிறகு மண்ணிறத் திட்டாய் வெளியே வரும். ‘கழுவினது திரும்பவும் கறுத்துப் போச்சு’ என்ற முறைப்பாட்டுக்கு முக்கால்வாசிக் காரணம் இது.

அப்படியும் பாவிப்பதென்றால், வெடிப்பில்லாத, தேய்ந்த, சேகரிப்பு விலை இல்லாத 91.7 வீத ரூபாவில் மட்டும். ஒரு பங்கு திரவம், மூன்று பங்கு வடித்த நீர், கண்ணாடிப் பாத்திரம். எவர்சில்வர்ச் சட்டியைத் திரவம் அரிக்கும். முழுதாய் அமிழ்த்த வேண்டாம், பஞ்சுக் குச்சியில் தொட்டு உருட்டுங்கள். ஐந்து விநாடி. உடனே ஓடும் தண்ணீர், பிறகு ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சோடா கரைத்ததில் ஒரு அமிழ்த்தல், பிறகு வடித்த நீர் மூன்று முறை. கையுறை கட்டாயம், தயோயூரியா புற்றுநோய்ச் சந்தேகப் பட்டியலில் உள்ள பொருள். பாவித்த திரவத்தைப் போத்தலுக்குள் திரும்ப ஊற்றாதீர்கள். செம்புக் காசு ஒன்று தவறி உள்ளே போன போத்தலை வெள்ளிக்கு மறந்துவிடலாம்.

தேசிக்காய், புளி, சிற்றிக் அமிலம்

கறுப்புக்கு இவை ஒன்றும் செய்யாது. வெள்ளிச் சல்பைட்டு தேசிக்காய்ப் புளிக்கு அசையாது. இவற்றின் வேலை பச்சையில், அதாவது செம்பின் களிம்பில். 1919 க்குப் பிந்திய 50 சதத்திலும் 25 சதத்திலும் எழுத்துக்குள் பிடித்த பச்சைக்கு இதுதான் சரியான மருந்து. தேசிக்காய்ச் சாற்றில் சிற்றிக் அமிலம் ஐந்தாறு வீதம் இருக்கும். ஆனால் சீனியும் சக்கையும் சேர்ந்து வருவதால், 100 மில்லிலீற்றர் வடித்த நீரில் 5 கிராம் சிற்றிக் அமிலத் தூள் கரைப்பது துப்புரவான வழி. ஐந்து நிமிடம் விட்டு, இளகிய பச்சையை ஈர்க்கால் எடுத்து, திரும்ப ஐந்து நிமிடம். இரவு முழுக்க ஊறப்போட்டால் பச்சையோடு காசின் செம்பும் கரைந்து, காசு தேன்கூடாகும். முடிந்ததும் சோடாத் தண்ணீர், பிறகு வடித்த நீர். அதே கிண்ணத்துக்குள் இரும்பு ஆணியோ குறடோ படக்கூடாது: கரைந்த செம்பு அப்படியே காசின்மேல் ஏறி, வெள்ளிக்காசு சதக்காசு நிறத்தில் வரும்.

குளோரைட்டுப் பொருக்குக்குப் பழைய புகைப்படம் கழுவப் பாவித்த ஹைப்போ உப்பும் அமோனியாவும் சிலர் சொல்லுவார்கள். இரண்டும் கரைக்கும்தான், முகத்தையும் சேர்த்து. அமோனியாவில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது: வெள்ளி கரைந்த அமோனியாவை வைத்திருந்து வற்றவிட்டால் தொட்டாலே வெடிக்கும் சேர்வை உண்டாகும். வீட்டில் அந்தப் பரிசோதனை வேண்டாம்.

பிராசோ என்ற உலோகப் பொலிஷும் அதன் வகையறாவும், பற்பசை, திருநீறு, சாம்பல், பாத்திரம் தேய்க்கும் கட்டி: எல்லாம் உராய்பொருள். குத்துவிளக்குக்கு உகந்தவை. காசில் ஒருமுறை தேய்த்தால் வெளிச்சத்தில் முடிபோன்ற ஆயிரம் கீறல். 1862 என்று ஆண்டு பொறித்த விக்ரோறியா ரூபாவை அந்த ஆண்டு தாண்டியும் பல வருடம் அதே ஆண்டோடுதான் அடித்தார்கள். எந்த அச்சுச்சாலை, எந்தத் தொகுதி என்று பிரிப்பது ஆண்டு எண்ணைச் சுற்றியுள்ள சின்னப் புள்ளிகளை எண்ணித்தான். பற்பசை முதலில் எடுப்பது அந்தப் புள்ளிகளை. 1911 ஆம் ஆண்டு ஐந்தாம் ஜோர்ஜ் ரூபாவும் அப்படி. அரசரின் அங்கியில் இருந்த யானை பன்றிபோலத் தெரிகிறதென்று எதிர்ப்பு வந்து திரும்பப் பெற்று உருக்கிய காசு அது. வாங்குபவர் உருப்பெருக்கியால் பார்ப்பது அந்த யானையின் தும்பிக்கையை. தேய்த்தவரிடம் அது இருக்காது.

பத்தரின் பட்டறையும் நகைக்கடைத் தொட்டியும்

பத்தரிடம் ‘இதைக் கொஞ்சம் வெளுத்துத் தாங்கோ அண்ணை’ என்று கொடுத்தால் அவர் தொழில் அறிந்த வழியில் செய்வார்: ஊதுவிளக்கில் பழுக்கக் காய்ச்சி, நீர்த்த சல்பூரிக் அமிலத்தில் தோய்த்து, பித்தளைப் பிரஷால் தேய்த்து, மினுக்கி. நகைக்கு அது பழுதில்லாத வேலை. காசுக்கு மரணம். சூட்டில் மேற்பரப்புச் செம்பு எரிந்து அமிலத்தில் கரைய, மேலே தூய வெள்ளியின் மங்கல் தோல் ஒன்று மிஞ்சும். நீண்டகாலம் மண்ணில் கிடந்த காசு ஏற்கனவே உடையும் பதத்தில் இருந்தால் தோய்க்கும்போதே வெடிக்கும்.

காசுமாலையிலிருந்து வந்த ரூபாவின் விளிம்பில் வளையம் பற்றவைத்த தடம் இருக்கும். அது மங்கிய சாம்பலாய், நகத்தால் அழுத்த இளகுவதாய் இருந்தால் ஈயப்பற்று. அதைச் சூடாக்கினால் ஈயம் வெள்ளிக்குள் இறங்கிக் குழி விழும். கேட்க வேண்டியதை முதலே சொல்லிக் கொடுங்கள்: ‘சூடு காட்ட வேண்டாம், திராவகம் வேண்டாம், மினுக்க வேண்டாம்.’ அப்படியென்றால் பட்டறையில் செய்விக்க என்ன இருக்கிறது என்று கேட்டால், தராசும் உரைகல்லும்தான். உரைகல்லில்கூட விளிம்பை உரசவிடாதீர்கள்.

அதிர்வுத் தொட்டி வேறு. வெடிப்பில்லாத, தட்டினால் கணீரென்று ஒலிக்கும் காசில், களி எடுக்க அதைப்போல வேகமான சாமான் இல்லை. தொட்டியில் ஏற்கனவே இருக்கும் சவர்க்காரத் திரவத்துக்குள் போட விடவேண்டாம். சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் வடித்த நீரும் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளியும் விட்டு, காசை அதற்குள் போட்டு, கிண்ணத்தைத் தொட்டிக்குள் இறக்கச் சொல்லுங்கள். அதிர்வு கண்ணாடியைத் தாண்டிப் போகும். ஒரு கிண்ணத்தில் ஒரு காசு, இரண்டு நிமிடம். இரண்டு காசு போட்டால் ஒன்றையொன்று கொத்தும். மந்தமாக ‘டொக்’ என்று ஒலிக்கும் காசு உள்ளே விண்டிருக்கிறது, அதைத் தொட்டிக்குக் காட்டாதீர்கள்.

உலர்த்தலும் உறையும்

கடைசி அலசல் முடிந்த காசைத் துணியில் ஒற்றி, அசிற்றோனில் ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுங்கள். வெடிப்புகளில் நிற்கும் தண்ணீரை அது இழுத்துக்கொண்டு பறக்கும். பிறகு நிழலில், ஒரு நாள். கார்த்திகை மார்கழி ஈரத்தில் இந்த அசிற்றோன் படியைத் தாண்டினால் ஒரு வாரத்துக்குள் புள்ளி விழும். விளிம்பில் பிடியுங்கள், முகத்தில் விரல் வைத்தால் வியர்வை உப்பு ரேகையோடு நிற்கும்.

இறப்பர் வளையம் கூடாது, அதில் கந்தகம் இருக்கிறது. புதினத்தாள் கூடாது. பூசையறைத் தட்டில் சாம்பிராணிப் புகைக்குப் பக்கத்தில் வைத்தால் கழுவியதெல்லாம் வீண். மூடி இறுகும் டப்பாவுக்குள் மருந்துப் போத்தலில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடலாம்.

உறைகள் வாங்கும்போதுதான் கவனம் வேண்டும். புத்தகக் கடையில் கிடைக்கும் மென்மையான, வளையும், மழைக்கோட்டு மணம் வீசும் பிளாஸ்ரிக் உறை பெரும்பாலும் பிவிசி. வெக்கையில் அது உருக்குலைந்து அமிலம் விடும், காசில் பச்சைப் பசை பிடிக்கும். சந்தேகமென்றால் செப்புக் கம்பி ஒன்றைக் குறட்டில் பிடித்துச் சுவாலையில் சிவக்கக் காய்ச்சி, உறையின் மூலையில் தொட்டு, ஒட்டியதோடு திரும்பச் சுவாலைக்குள் காட்டுங்கள். சுவாலை பச்சையாய் எரிந்தால் பிவிசி. அந்தக் கட்டை முழுதாய்த் திருப்பிக் கொடுத்து, பொலிப்புறப்பிலீன் அல்லது மைலார் உறை கேளுங்கள். வெளியில் நின்று செய்யுங்கள், அந்தப் புகையை மூச்சில் எடுக்க வேண்டாம்.